கனடாவில இருந்து வந்த லிங்கும் எங்கட ஐயாமாற்ற ஞாபகசக்தியும்

இப்ப கொஞ்சக்காலமா கடைக்கு ஒரு புதுவிதமான வேலை வருது. கடையெண்டாப் பெரிசா ஒண்டுமில்லை, பரந்தன் முல்லைத்தீவு ரோட்டுக்கரையில ஒரு கொமினிகேசன், போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போட் சைஸ் படம், அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிப்பண போம் நிரப்பிறது, அவ்வளவுதான். முந்தி வயசான ஆக்கள் வந்தா "தம்பி, மகளின்ர கோல் வருதில்லை, போனுக்கு என்னெண்டு பார்" எண்டுதான் கேப்பினம். இப்ப போனை நீட்டி "மகன் கனடாவில இருந்து ஏதோ சோதினை அனுப்பியிருக்கிறான், மறதி இருக்கோ எண்டு பாக்கிறதாம், ஒருக்காத் திறந்து தா" எண்டு கேக்கினம். சிலருக்கு லிங்க் வருது, சிலருக்குப் பிரிண்ட் எடுக்கச்சொல்லி பிடிஎப் வருது. அங்க பிள்ளையள் வீடியோ கோலில "அம்மா நேற்றுச் சொன்னதையே திருப்பிச் சொல்லுறா" எண்டு பயந்து கூகிள்ல தேடியிருக்குங்கள், இஞ்ச அம்மா என்ர கடை வாங்கில இருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பாக்கிறா.

நான் வைத்தியம் படிச்ச ஆளில்லை. ஆனா கேக்கிற ஆக்களுக்குச் சும்மா திறந்து குடுத்துவிட்டு பேசாம இருக்கவும் மனமில்லாம இரவில இருந்து வாசிக்கத் தொடங்கி இப்ப ஓரளவுக்கு விளங்குது. டெஸ்ட் கூடாதெண்டு நான் சொல்லமாட்டன், ஆனா ஒருநாள் எடுத்த ஸ்கோரை வைச்சு ஒரு மனிசரை முடிவுகட்டிறது சரியில்லை, அதுவும் எங்கட வன்னி ஆக்களை முடிவுகட்டிறது சுத்தமாச் சரியில்லை. அது ஏனெண்டதைத்தான் எழுதப்போறன், கொஞ்சம் நீளும்.

முதல்ல உந்த டெஸ்டெல்லாம் எதைத் தேடுது எண்டு பாப்பம். மைல்ட் கொக்னிட்டிவ் இம்பெயார்மென்ட், சுருக்கமா எம்சிஐ எண்டு சொல்லுவினம். வயசுபோனா எல்லாருக்கும் வாற மறதிக்கும், அன்றாட வேலையளையே தனியச் செய்யேலாமப் பண்ணுற டிமென்ஷியா எண்ட மறதி நோய்க்கும் நடுவில இருக்கிற ஒரு நிலை. அமெரிக்காவில மேயோ கிளினிக்கில இருக்கிற ரொனால்ட் பீட்டர்சன் எண்ட டொக்டரும் அவற்ற ஆக்களும் 1999இல எழுதின கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலாப் பேசப்பட்டது. அந்த ஆளுக்கே இல்லாட்டி வீட்டுக்காரருக்கு ஒரு மாற்றம் தெரியும், டெஸ்டிலயும் அந்த வயசுக்கு இருக்கவேண்டியதை விடக் குறைவா வரும், ஆனா தன்ர அன்றாட வேலையளைத் தானே செய்துகொள்ளுவார். திறப்பை எங்க வைச்சதெண்டு தேடுறது இதில்லை, அது எனக்கே நடக்குது. வழக்கமா மறக்காத கிளினிக் திகதியைத் திரும்பத் திரும்ப மறக்கிறது, காலமை சொன்ன கதையைச் சொன்னதே தெரியாமப் பின்னேரம் புதுசாச் சொல்லுறது, வயல் கூலிக்கணக்கை மனசிலயே கூட்டின மனிசன் இப்ப மூண்டுதரம் கூட்டியும் தடுமாறுறது, ஆனா சமைக்கிறது சந்தைக்குப் போறது எல்லாம் இன்னும் நடக்குது, இப்பிடியான ஒரு இடம். எங்கட ஊரில இதுக்கு ஒரேயொரு தீர்ப்புத்தான், "அவருக்கு அறளை பேந்திட்டுது" எண்டு சிரிச்சுப்போட்டு விட்டிடுவினம்.

அமெரிக்க நரம்பியல் அக்கடமி 2018இல உலகத்தில வந்த ஆய்வுகளைச் சேத்துப் பாத்து ஒரு கணக்குச் சொன்னது. 60இல இருந்து 64 வயசுக்குள்ள 6.7 வீதம், 70இல இருந்து 74க்குள்ள 10.1 வீதம், 80இல இருந்து 84க்குள்ள 25.2 வீதம் எம்சிஐயாம். 65 வயசுக்கு மேல எம்சிஐ இருக்கிற ஆக்களை ரெண்டு வருசம் பின்தொடர்ந்தா 14.9 வீதமான ஆக்களுக்கு டிமென்ஷியா வந்திருக்கு. திருப்பிப் பாத்தா பெரும்பாலான ஆக்களுக்கு அந்த ரெண்டு வருசத்தில வரேல்லை, கொஞ்சப்பேர் திரும்ப வழமைக்கே வந்திருக்கினம். லிங்க் அனுப்பிற பிள்ளையள் இந்தப் பாதியை வாசிக்கிறேல்லை.

சரி, டெஸ்டுகள். கனடாவில மொன்றியலில சியாத் நஸ்ரெடின் எண்ட டொக்டர் உருவாக்கின மொக்கா 2005இல வெளிவந்தது, 30 புள்ளி, 26க்குக் கீழ வந்தா யோசிக்கோணும் எண்டது அதின்ர பழைய கணக்கு. ஆனா அது பக்கத்தில ஒராள் இருந்து எடுக்கிற டெஸ்ட். தானே செய்யிறதெண்டால் கனபேருக்கு வாறது ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின்ர சேஜ். டக்ளஸ் ஷார் எண்ட டொக்டரும் அவற்ற ஆக்களும் 2010இல வெளியிட்டது, பேனையும் தாளும் இருந்தாக் காணும், 22 புள்ளி, 17உம் அதுக்கு மேலயும் எண்டாப் பிரச்சினையில்லை, 15, 16 எண்டா எம்சிஐயாக இருக்கலாம், 14உம் அதுக்குக் கீழயும் எண்டாக் கெதியா டொக்டரைப் பாக்கோணும். அதையே டப்லெட்டில செய்யிற மாதிரியும் விட்டிருக்கினம்.

போனிலயும் டப்லெட்டிலயும் செய்யிறதில ஒரு உண்மையான நன்மை இருக்கு. உந்த டெஸ்டுகளில மணிக்கூடு ஒண்டு கீறச்சொல்லுவினம், தாளில கீறினா கடைசியில கீறின படம் மட்டும்தான் மிஞ்சும். திரையில கீறினா எந்த இலக்கத்துக்கு முதல் எவ்வளவு நேரம் யோசிச்சவர், எத்தினைதரம் பேனையைத் தூக்கினவர், எங்க தடுமாறித் திருத்தினவர் எண்டெல்லாம் பதிவாகும். சொல்லுகளை ஞாபகம் வைச்சுப் பிறகு சொல்லுறது, சின்னத்தைப் பாத்து இலக்கத்தை அமத்துறது, 1க்குப் பிறகு அ, பிறகு 2, பிறகு ஆ எண்டு மாறிமாறிக் கோடு இழுக்கிறது, எல்லாத்திலயும் பிழை சரி மட்டுமில்லை, மில்லிசெக்கன் கணக்கில வேகமும் அளக்கப்படும். சுவீடன் லுண்ட் பல்கலைக்கழக ஆக்கள் பயோகொக் எண்டு ஒண்டு செய்து 2025இல நேச்சர் மெடிசின் சஞ்சிகையில எழுதியிருக்கினம், நோயாளி தனிய இருந்து செய்யிறது, கொஞ்ச நிமிசத்தில முடிஞ்சிடும். சாதாரண டொக்டர்மார் தங்கட மதிப்பீட்டில 73 வீதம் சரியாச் சொன்ன இடத்தில அந்த டெஸ்ட் 85 வீதம் சரியாச் சொல்லியிருக்கு. உண்மையா நல்ல விசயம். ஆனா கவனியுங்கோ, அதில பங்குபற்றின ஆக்கள் ஏற்கனவே ஞாபகப் பிரச்சினை எண்டு சந்தேகத்தில டொக்டரிட்டப் போன ஆக்கள், சும்மா ரோட்டால போனவையைக் கூப்பிட்டுச் செய்யேல்லை.

அது ஏன் முக்கியம் எண்டால், ஒரு பேச்சுக்கு எழுபதில இருந்து எழுபத்திநாலு வயசுக்குள்ள நூறுபேரை எடுங்கோ. மேல சொன்ன கணக்குப்படி பத்துப்பேருக்கு எம்சிஐ. ஒரு டெஸ்ட் அந்தப் பத்தில எட்டைப் பிடிக்குது, மற்றத் தொண்ணூறில அஞ்சிலொருத்தரைப் பிழையாப் பிடிக்குது எண்டு வையுங்கோ, மோசமான டெஸ்ட் இல்லை அது. எட்டுப்பேர் உண்மையாப் பிடிபடுகினம், பதினெட்டுப்பேர் சும்மா பிடிபடுகினம். அப்பிடிப் பிடிபட்ட இருபத்தாறு பேரில பதினெட்டுப்பேருக்கு ஒண்டுமில்லை! இதுக்காகவும்தான் அறிகுறி ஒண்டும் இல்லாத முதியவையை எல்லாம் பிடிச்சு டெஸ்ட் பண்ணச்சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை எண்டு அமெரிக்க தடுப்புச்சேவை செயலணி 2020இல சொன்னது. ஆரோக்கியமாத் திரியிற அப்பாவுக்கு லிங்க் அனுப்பிறது வேற, ஆறு மாதமா மாற்றம் தெரியிற அம்மாவுக்கு அனுப்பிறது வேற.

இனி எங்கட கதைக்கு வாறன். என்ர மாமி, மனிசின்ர அம்மா, அவவுக்கும் கொழும்பில இருந்து மச்சாள் சேஜ் தாளை அனுப்பினவ. இங்கிலிஷ் தாள். நான் பக்கத்தில இருந்து தமிழ்ப்படுத்திச் சொல்ல மாமி செய்தவ, அப்பவே அது "தானே செய்யிற" டெஸ்ட் இல்லாமப் போச்சு. அதில அமெரிக்கச் சில்லறைக் கணக்கு வருது, இத்தினை டொலருக்கு இத்தினை சல்லி எண்டு. மாமி என்னைப் பாத்துக் கேட்டா, "தம்பி, நான் கண்ணால காணாத காசுக்கு என்னெண்டு கணக்குச் சொல்லுறது, நெல்லு மூட்டைக்குக் கேள் சொல்லுறன்" எண்டு. நான் கேட்டன், நெல்லு விலை, வெட்டுக்கூலி, உமி கழிச்சு எவ்வளவு அரிசி, எல்லாம் டக்டக்கெண்டு வந்தது. ஆனா அந்தத் தாளின்ர கணக்கில அவவுக்குப் புள்ளி இல்லை.

பள்ளிக்கூடம் போன காலம் பெரிய விசயம். மொக்காவில 12 வருசமோ அதுக்குக் குறைவோ படிச்சவைக்கு ஒரு புள்ளி கூட்டிக் குடுப்பினம், சேஜிலயும் அப்பிடித்தான். மாமி அஞ்சாம் வகுப்போட நிண்டவ. அஞ்சாம் வகுப்போட நிண்டவவுக்கும் பன்னிரண்டு வருசம் படிச்சவருக்கும் அதே ஒரு புள்ளிதானோ? படிப்புக் குறைஞ்ச ஆக்களுக்கெண்டே மொக்கா பேசிக் எண்டு வேற ஒண்டு பிறகு செய்திருக்கினம், மொக்காவுக்குத் தமிழ் வடிவமும் இருக்கு, ஆனா வட்ஸ்அப்பில சுத்திற லிங்குகள் அதில்லை. இந்தியாவில சென்னையிலயும் வேலூர்ப் பக்கமும் தமிழ் ஆக்களை வைச்சு 10/66 எண்ட குழு டிமென்ஷியா ஆய்வு செய்தது, உலகத்தில டிமென்ஷியா உள்ள ஆக்களில 66 வீதம் ஏழை நாடுகளில இருக்க ஆராய்ச்சியில பத்து வீதம்கூட அங்க நடக்கேல்லை எண்டதாலதான் அந்தப் பேர். படிப்புக் குறைஞ்ச ஆக்களைப் பிழையா நோயாளியாக்காத மாதிரி கேள்வியளை அமைக்கிறதே அவைக்குப் பெரிய வேலையா இருந்திருக்கு. அது 25 வருசத்துக்கு முந்தின கதை, இண்டைக்கும் ஆப் செய்யிறவைக்கு அது எட்டேல்லை.

பிறகு விரல். வயல் வேலை செய்து தோல் தடிச்ச விரலுக்குத் திரை உடன வேலை செய்யாது, ரெண்டாந்தரம் அமத்தோணும். ஆப் அதை "தாமதம்" எண்டு எழுதும். கண்ணில வெள்ளை படர்ந்தவர் படத்தைத் தடவித்தடவிப் பாப்பார், அதுவும் தாமதம். பாதியில டயலொக் போன் கம்பனியின்ர மெசேஜ் ஒண்டு திரைக்கு மேல வந்து விழும், அது என்னெண்டு பாப்பார், போச்சு. இன்னொண்டு சொல்லோணும், சிரிப்பு வரும், ஒரு ஐயா சொல்லுகளை ஞாபகம் வைக்கிற பகுதியில நூற்றுக்கு நூறு எடுத்தவர், பாத்தால் பின்னால நிண்ட பேத்தி காதுக்குள்ள ஓதிக்கொண்டு நிக்கிறாள். எங்கட வீடுகளில சோதினை எண்டால் உதவி செய்யிறதுதான் பாசம்.

காது. இதைக் கொஞ்சம் நிண்டு சொல்லுறன். 2009இலயும் அதுக்கு முதலும் ஷெல்லுக்குள்ள இருந்த எத்தினையோ பேருக்கு ஒரு காது மட்டம், காட்டிக்கொள்ளமாட்டினம், தலையாட்டிச் சமாளிப்பினம். ஆப் சொல்லுற அஞ்சு சொல்லில மூண்டைத்தான் கேட்டவரெண்டால் மூண்டைத்தான் திருப்பிச் சொல்லுவார், அது மறதியில்லை. 2024இல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையின்ர குழு டிமென்ஷியாவுக்கு மாத்தக்கூடிய காரணங்கள் எண்டு 14ஐச் சொன்னது, எல்லாத்தையும் சரிக்கட்டினா உலகத்தில கிட்டத்தட்ட 45 வீதத்தைத் தடுக்கலாம் இல்லாட்டிப் பிற்போடலாமாம். அந்தப் பட்டியலை வாசிக்கேக்க எனக்கு எங்கட ரோட்டில இருக்கிற ஒவ்வொரு வீடா ஞாபகம் வந்தது. படிப்புக் குறைவு, காது கேளாமை, தலையில அடிபட்டது, மனச்சோர்வு, தனிமை, பிரஷர், சீனி, கொலஸ்ரோல், சிகரெட், குடி, பார்வைக்குறைவு... இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் குழம்பின ஆக்கள், தலைக்குள்ள இண்டைக்கும் சன்னத்துண்டோட திரியிற ஆக்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டே கிழவியான அம்மாமார். 2011இல ஜாமா சஞ்சிகையில வந்த யாழ்ப்பாண மாவட்ட ஆய்வில 22.2 வீதமான ஆக்களுக்கு மனச்சோர்வு அறிகுறி எண்டிருக்கு, அது யாழ்ப்பாணம், எங்கட வன்னி இல்லை. மனச்சோர்வு இருந்தா ஞாபகமும் கவனமும் குறையும், டெஸ்டில ஸ்கோர் விழும், வெளியில பாக்க எம்சிஐ மாதிரியே இருக்கும். இரவு நித்திரை இல்லாத ஆளைக் காலமை எழுப்பி டெஸ்ட் செய்யவைச்சா என்ன வரும்?

அப்ப உந்த டெஸ்டால பிரயோசனம் இல்லையோ எண்டால், இருக்கு, அதை வேறமாதிரிப் பாவிக்கோணும். இரணைமடுக் குளத்தில தண்ணி எத்தினை அடி எண்டு பாக்கேக்க அதே குளத்தின்ர போன கிழமை அளவோடதான் பாப்பம், முத்தையன்கட்டுக் குளத்தோட ஒப்பிட்டுக் கவலைப்படமாட்டம். அதுமாதிரி அவையவையின்ர ஸ்கோரை அவையவையின்ர பழைய ஸ்கோரோடதான் பாக்கோணும். சேஜ் செய்த ஆக்களே 2021இல 665 பேரை வருசக்கணக்காப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டவை. அந்த டெஸ்டைத் திரும்பத் திரும்பச் செய்தபடியால, ஆஸ்பத்திரியளில வழக்கமா எடுக்கிற எம்எம்எஸ்ஈ டெஸ்டை விட ஆகக்குறைஞ்சது ஆறு மாதம் முந்தியே சரிவு தெரிஞ்சிருக்கு. ஆகவே இப்ப ஒருக்கா, ஆறு மாதமோ ஒரு வருசமோ போக ஒருக்கா, அதே போன், அதே காலமை நேரம், கண்ணாடி போட்டு, காது மெசின் இருந்தால் அதையும் போட்டு, நோட்டிபிகேசனை நிப்பாட்டி, பேத்தியை வெளியில அனுப்பிவிட்டு. கிழமைக்கொருக்காச் செய்யாதேங்கோ, கேள்வி பாடமாகிடும், ஸ்கோர் ஏறும், ஞாபகசக்தி ஏறியிருக்காது.

ஸ்கோரை விட எனக்குப் பெறுமதியாப் படுறது வீட்டுக்காரரிட்டக் கேக்கிற கேள்விகள். அமெரிக்காவில வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில செய்த ஏடி8 எண்டு ஒண்டு இருக்கு, எட்டே எட்டுக் கேள்வி, கூட இருக்கிற ஆளிட்டக் கேக்கிறது. கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுறாரோ, காசுக்கணக்கில தடுமாறுறாரோ, புதுச்சாமான் பாவிக்கப் பழகக் கஷ்டப்படுறாரோ, மாதம் வருசம் மறக்கிறாரோ, முந்திப் பிடிச்ச விசயங்களில ஆர்வம் போட்டுதோ, இப்பிடி. கேக்கிறது மாற்றம் வந்ததோ எண்டு மட்டும்தான், அதனால அஞ்சாம் வகுப்புப் படிச்சவருக்கும் பேராசிரியருக்கும் ஒரே நியாயம். ரெண்டோ கூடவோ "ஓம்" எண்டு வந்தா டொக்டரைக் காணோணும். வெளிநாட்டில இருக்கிற பிள்ளைக்கு வீடியோ கோலில இது பாதிதான் தெரியும், பக்கத்து வீட்டு மாமியைக் கேட்டா முழுக்கத் தெரியும்.

இதுக்குள்ள ஒண்டு, போனில வாற "மூளைப்பயிற்சி" விளம்பரங்களுக்குக் காசு கட்டாதேங்கோ. லுமொசிட்டி எண்ட பெரிய கம்பனி ஞாபகக்குறைவைத் தடுக்குமெண்டு ஆதாரமில்லாம விளம்பரம் செய்ததெண்ட வழக்கில 2016இல அமெரிக்க அரசாங்கத்துக்கு 20 லட்சம் டொலர் கட்டி முடிச்சது. டெஸ்ட் வேற, பயிற்சி வேற. ஆனா சீ ஹீரோ குவெஸ்ட் எண்டு ஒரு படகு விளையாட்டு 2016இல விட்டவை, அது ஆராய்ச்சிக்கு, 40 லட்சத்துக்கு மேல ஆக்கள் விளையாடினவை. அதில வந்த தரவில, பட்டினத்துக்கு வெளியில வளந்த ஆக்கள் வழி கண்டுபிடிக்கிறதில கெட்டிக்காரர் எண்டு 2022இல எழுதியிருக்கினம். காட்டுக்குள்ள தேன் எடுக்கப்போய்ப் பொழுதுபட்டாலும் வீடு வந்து சேருற எங்கட ஐயாமார் சொல்லுகளில தோத்தாலும் உதில வெல்லுவினம்.

இன்னொரு விசயம் வெளிப்படையாக் கதைக்கிறேல்லை. ஸ்கோர் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில போட்டுப் பரவினா அது மருத்துவத்தோட நிக்காது. காணி உறுதி ஆற்ற பேரில எழுதுறது எண்ட பிரச்சினை இல்லாத வீடு இஞ்ச குறைவு. "அப்பாக்கு அறளை, அவர் வைச்ச கையெழுத்துச் செல்லாது" எண்டு ஒராள், "அறளை முத்த முதல் எழுதுவிப்பம்" எண்டு இன்னொராள். எம்சிஐ எண்டதுக்காக ஒருவர் தீர்மானிக்கிற தகுதியை இழக்கிறேல்லை, போன் ஸ்கோர் அதுக்கு அத்தாட்சியும் இல்லை. அதனால முடிவை முதல்ல அந்த மனிசரிட்டச் சொல்லுங்கோ, ஆருக்குச் சொல்லுறதெண்டு அவர் தீர்மானிக்கட்டும்.

டொக்டரிட்டப் போறதில என்ன பிரயோசனம், குளிசை இருக்கோ எண்டு கேப்பினம். எம்சிஐயைக் குணமாக்கிற குளிசை இல்லை. டிமென்ஷியாவில ஒரு வகையான அல்சைமர் நோயின்ர தொடக்கத்துக்கு லெக்கனமாப் 2023இல, டொனனமாப் 2024இல அமெரிக்காவில அனுமதி எடுத்தது, நாளத்தால ஏத்திற மருந்து, மூளையில அமிலொயிட் எண்ட புரதம் படிஞ்சிருக்கெண்டு முதல்ல நிரூபிக்கோணும், மூளை வீங்குதோ ரத்தம் கசியுதோ எண்டு எம்ஆர்ஐ திரும்பத் திரும்ப எடுக்கோணும், விலையைக் கதைக்கத் தேவையில்லை. எங்களுக்கு லாபம் வேற இடத்தில இருக்கு, மறதி மாதிரித் தெரியிற ஆனா சரிப்படுத்தக்கூடிய காரணங்களைப் பிடிக்கிறதில. சீனிக்கு வருசக்கணக்கா மெட்போமின் போடுற ஆக்களுக்கு பி12 குறையலாம், அது ஞாபகத்தைக் கெடுக்கும். தைரொயிட் குறைஞ்சாலும் அப்பிடித்தான். தடிமனுக்குப் பெட்டிக்கடையில வாங்கிப்போடுற பிரிட்டோன் (Piriton) குளிசை இருக்கல்லோ, வயசான ஆக்களைக் குழப்பும், நித்திரைக்கெண்டு குடுக்கிற சில குளிசையளும் அப்பிடி. காது மெசினைப் பற்றி 2023இல அச்சீவ் எண்ட ஆய்வு வந்தது, எல்லாரையும் சேத்துப் பாத்தா பெரிய வித்தியாசம் இல்லை, ஆனா ஆபத்துக் கூடின ஆக்களில மூண்டு வருசத்தில மூளைத்திறன் சரிவு 48 வீதம் குறைஞ்சிருக்கு. கிழமைக்கு ரெண்டுதரமாவது உடற்பயிற்சி செய்யச்சொல்லி நரம்பியல் அக்கடமியே 2018இல எழுதியிருக்கு.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு நரம்பியல் டொக்டரிட்ட எண்டு முதல் நாளே பஸ் ஏறத்தேவையில்லை. மாதாமாதம் சீனி பிரஷர் கிளினிக்குக்குப் போறியள்தானே, அங்கயே சொல்லுங்கோ, இல்லாட்டி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில சொல்லுங்கோ, மனநலம் எண்ட போட்டைப் பாத்து வெக்கப்படாதேங்கோ. கிளினிக்கில சனம் கூட, டொக்டர் ஒராளோட கதைக்கிறது கொஞ்ச நிமிசம்தான், அதுக்குள்ள "கொஞ்சம் மறதி டொக்டர்" எண்டு சொன்னா "வயசு ஐயா" எண்டுதான் வரும். அதுக்குப் பதிலா ஒரு தாளில எழுதிக்கொண்டு போங்கோ, எப்ப இருந்து மாற்றம், என்ன மாற்றம், ரெண்டு உதாரணம், போடுற குளிசை எல்லாம், பெட்டிக்கடைக் குளிசையும் நாட்டு மருந்தும் சேத்து, தலையில எப்பவாவது அடிபட்டதோ, நித்திரை எப்பிடி. டெஸ்ட் செய்த திகதியும் ஸ்கோரும் கடைசி வரியில காணும். கூட ஒராள் போகோணும், வீட்டில ஒண்டா இருக்கிற ஆள். தைரொயிட், பி12 ரத்தப்பரிசோதனை வெளியில எடுக்கச்சொன்னா ரிப்போட்டை வீட்டு அலுமாரிக்குள்ள வைக்காமக் கிளினிக் கொப்பிக்குள்ளயே ஒட்டிவிடுங்கோ, அடுத்தமுறை போகேக்க டொக்டர் மாறியிருப்பார்.